பல்மருத்துவர் மீண்டும் மாணவராகும் வழி

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எமது பள்ளியின் மூன்றாம் நிலை மாணவர்க்குக் கல்வியின் பெருமை பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். மன்னனையும் கற்றவனையும் சீர்தூக்கிப் பார்க்கும் மூதுரைப் பாடல் அன்றைய பாடம். அரசனுக்கு அவனுடைய நாட்டில் மட்டுமே மதிப்பு; கல்வியுடையவனுக்கோ அவன் செல்லும் நாடெல்லாம் மதிப்பு என்று பொருள் கூறி முடித்தோம். பின்வரிசையில் இருந்த பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கையை உயர்த்தினாள்.

“ஐயா, எங்கள் அம்மா இந்தியாவில் பல் டாக்டர். இங்கே மட்டும் ஏன் டாக்டர் இல்லை?”

ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த எமக்கு மாணவர் கேள்விகள் புதியவை அல்ல. ஆயினும் அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. “கேட்டறிந்து வந்து சொல்கிறோம், அம்மா” என்று கூறி அடுத்த பாடத்துக்குச் சென்றோம். வகுப்பு முடிந்தபின் பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த தாயாரிடம் பேசினோம். தமிழ்நாட்டில் பல்மருத்துவப் பட்டம் பெற்று, நான்கு ஆண்டுகள் நோயாளிகளைப் பார்த்து, திருமணத்தின்பின் சுகர் லேண்டுக்கு வந்தவர் அவர். “ஒரு பரீட்சை எழுதினால் போதும் என்று ஒருவர் சொன்னார், சார். இந்த ஊரில் அது நடக்கவே நடக்காது என்று இன்னொருவர் சொன்னார். இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டே எட்டு வருடம் போய்விட்டது” என்றார்.

அவரிடம் சொல்லப்பட்ட இரண்டுமே சரியல்ல என்பதைப் பின்னர் விசாரித்து அறிந்தோம். பரீட்சை மட்டும் போதாது. அதற்காக வழியே இல்லையென்றும் ஆகாது. வழி உண்டு, அது கல்லூரி வாசல் வழியாகச் செல்கிறது. இவ்வாண்டு மலரில் அவ்வழியைப் படிப்படியாக விளக்க முயல்கின்றோம். நம்மிடையே இதே நிலையில் இருக்கும் தாய்மாரும் தந்தைமாரும் பலர் என்பதால், ஒரு சிறுமியின் கேள்விக்கான விடை எல்லோருக்கும் பயன்படும் என்று நம்புகின்றோம்.

அனுமதி கொடுப்பவர் யார்?

இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் பல்மருத்துவர் சட்டம் நாடு முழுமைக்கும் பொதுவாக அமைந்தது. அதற்கு மாற்றாக 2023இல் தேசியப் பல்மருத்துவ ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையில் பல்மருத்துவர்களும் இலங்கை மருத்துவ சபையிலேயே பதிவு பெறுகின்றனர். ஆகவே நம்மவர் இந்நாட்டுக்கு வந்ததும், “அமெரிக்க அரசாங்கத்தின் அனுமதியை எங்கே பெறுவது?” என்று கேட்கின்றனர். இக்கேள்வியே நம்மைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்கிறது. அமெரிக்க அரசாங்கம் எவருக்கும் பல்மருத்துவ உரிமம் வழங்குவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது.

இதற்கு நெடிய வரலாறு உண்டு. உலகின் முதலாவது பல்மருத்துவக் கல்லூரி 1840இல் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1841இல், அலபாமா மாநிலம் பல்மருத்துவத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. அன்று தொடங்கிய மாநில முறையே இன்றும் நிலைக்கிறது. எனவே நியூ ஜெர்சியில் உள்ள அக்காவுக்குப் பொருந்தியது சுகர் லேண்டில் உள்ள தங்கைக்குப் பொருந்தாமற் போகலாம். நமக்கு உரிமம் வழங்கும் அமைப்பு ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் மாநிலப் பல்மருத்துவத் தேர்வாளர் சபை ஆகும்.

உரிமம் கோருபவரிடம் மாநிலங்கள் பொதுவாக மூன்றை எதிர்பார்க்கின்றன. ஒன்று கல்வி, இரண்டு எழுத்துத் தேர்வு, மூன்று செயல்முறைத் தேர்வு. இவற்றுள் பின்னைய இரண்டும் உழைத்துப் படித்தால் கைகூடுபவை. நம்மவர் பெரும்பாலும் தடுக்கி விழுவது முதலாவது படியிலேயாம்.

பட்டம் இருந்தும் கல்வி ஏன் கணக்கில் வரவில்லை?

அமெரிக்கப் பல்மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து அங்கீகரிக்கும் அமைப்பு பல்மருத்துவ அங்கீகார ஆணையம். சுருக்கமாகக் ‘கோடா’ என்பர். இவ்வாணையத்தின் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டத்தின் பொது விதி. கனடாவின் அங்கீகார அமைப்புக்கும் இதற்கும் 1956 முதல் உடன்பாடு இருப்பதால், அங்குள்ள அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிப் பட்டங்களும் ஏற்கப்படுகின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் நம்மவர் படித்த கல்லூரிகள் பெரும்பாலும் இவ்வங்கீகாரத்தின் எல்லைக்கு வெளியே இருப்பவை. சென்னையிலும் சிதம்பரத்திலும் பேராதனையிலும் படித்துத் தேறியவர்களின் பட்டம் இங்கே கல்விக்கான சான்றாகக் கொள்ளப்படாதது இதனாலேயே.

இதனை ஓர் ஆசிரியராக நாம் இவ்வாறு விளங்கிக்கொள்கிறோம். நம் ஊர்ப் பள்ளிகளுக்குக் கல்விப் பணிப்பாளர் வருவார். வகுப்புகளைப் பார்ப்பார், பதிவேடுகளைப் புரட்டுவார், ஆய்வுக்கூடத்தில் எத்தனை சோதனைக் குழாய்கள் உள்ளன என்றுகூட எண்ணுவார். அவர் பார்த்து எழுதிய பள்ளிக்கே அவருடைய கையொப்பம் கிடைக்கும். பக்கத்து மாகாணத்துப் பள்ளி எவ்வளவு சிறந்ததாயினும், அவர் போய்ப் பார்க்காத பள்ளிக்குக் கையொப்பமிட மாட்டார். அது அப்பள்ளியை இகழ்வதாகாது. அதுபோன்றே, நம் பட்டம் ஏற்கப்படாமையை நம் அறிவுக்குக் கிடைத்த தீர்ப்பாக எவரும் கருதலாகாது. கல்லூரியைப் பார்வையிடாத ஆணையம் அதற்குச் சான்று வழங்கவில்லை, விடயம் அவ்வளவே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவ்விதி நோக்குவது கல்லூரியை. மனிதரின் குடியுரிமையை அன்று. ஆகவே இந்நாட்டில் பிறந்த நம் பிள்ளைகள், ‘அங்கே செலவு குறைவு, பள்ளி முடித்ததும் நேரே சேரலாம்’ என்று எண்ணி இந்தியாவுக்குச் சென்று பல்மருத்துவம் படித்து வந்தாலும், இதே வாசலில் இதே வரிசையில்தான் நிற்க வேண்டும். எந்தக் கல்லூரியில் சேர்வதாயினும், முதலில் ஆணையத்தின் அங்கீகாரப் பட்டியலை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்க. மேல் வகுப்பு மாணவர் இவ்வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வார்களாக.

பிற நாட்டு உறவினர் சொல்லும் வழி

எம்மவர் உலகெங்கும் சிதறி வாழ்கின்றனர். டொரோண்டோவில் உள்ள மைத்துனர் ஒன்று சொல்வார். இலண்டனில் உள்ள சித்தி வேறொன்று சொல்வார். இருவரும் சொல்வது அவரவர் நாட்டுக்கு உண்மையே.

கனடாவில் தேசியப் பல்மருத்துவத் தேர்வு வாரியம் சமநிலைத் தேர்வு முறை ஒன்றை நடத்துகிறது. அடிப்படை அறிவு, மருத்துவத் தீர்மானம், செயல்முறைத் திறன் ஆகிய மூன்றிலும் தேறியவர், மீண்டும் கல்லூரியில் சேராமலே, உள்நாட்டுப் பட்டதாரிகள் எழுதும் இறுதிச் சான்றிதழ்த் தேர்வுக்குச் செல்லலாம். பிரித்தானியாவில் பொதுப் பல்மருத்துவ மன்றத்தின் வெளிநாட்டார் பதிவுத் தேர்வு 2007 முதல் நடைபெறுகிறது. அதன் முதற்பகுதி எழுத்து. இரண்டாம் பகுதி செயல்முறை. ஆஸ்திரேலியாவிலும் பட்ட மதிப்பீடு, எழுத்துத் தேர்வு, செயல்முறைத் தேர்வு என்னும் வரிசை உண்டு. இம்மூன்று நாடுகளிலும் தேர்வின் மூலம் நுழையும் கதவு இருக்கிறது. அத்தேர்வுகள் எளியவை அல்ல. இடம் கிடைக்கக் காத்திருக்கவும் நேரும். ஆயினும் கதவு உண்டு.

டெக்சாசில் அத்தகைய கதவு இல்லை. இங்கே எந்தத் தேர்வும் கல்லூரிக் கல்விக்கு ஈடாகாது. கனடாவில் சமநிலைத் தேர்வுகளில் தேறி அங்கே தொழில் செய்பவராயினும், அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிக் கல்வி இல்லையெனில் இங்கு வந்து அதைக்கொண்டே உரிமம் கேட்க இயலாது. ‘ஒரு பரீட்சை எழுதினால் போதும்’ என்ற பேச்சு, பிற நாட்டு வழியை இந்நாட்டு வழியென்று மயங்கியதனால் பிறந்ததே.

டெக்சாசின் இரண்டு வாசல்கள்

அவ்வாறாயின் இங்குள்ள வழி யாது? சட்டம் இரண்டு வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது.

முதலாவது, வெளிநாட்டுப் பல்மருத்துவர்க்கென அங்கீகரிக்கப்பட்ட கல்லூரிகள் நடத்தும் உயர்நிலைச் சேர்க்கைத் திட்டம். இந்நாட்டு மாணவர் இளங்கலைப் படிப்பின்பின் நான்கு ஆண்டுகள் பல்மருத்துவம் கற்கின்றனர். வெளிநாட்டுப் பட்டதாரியை அந்நான்கு ஆண்டின் இடையே சேர்த்துக்கொண்டு, இரண்டு முதல் மூன்று ஆண்டுகளில் அமெரிக்கப் பட்டம் வழங்குகின்றனர். அப்பட்டம் டி.டி.எஸ். என்றோ டி.எம்.டி. என்றோ அழைக்கப்படும். பெயர் வேறாயினும் மதிப்பு ஒன்றே. பட்டம் கைக்கு வந்தபின் அவருக்கும் இங்கேயே படித்தவருக்கும் சட்டத்தின் முன் வேறுபாடு கிடையாது.

இரண்டாவது, சிறப்புத்துறை மேற்பயிற்சி. கல்லூரி அங்கீகாரமற்றதாயினும், பற்சீரமைப்பு, ஈறு மருத்துவம், வேர் சிகிச்சை, குழந்தைப் பல்மருத்துவம், செயற்கைப் பல்லமைப்பு போன்ற ஏற்கப்பட்ட சிறப்புத்துறை ஒன்றில், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பயின்று முடித்தவர் டெக்சாசில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். இங்கு பன்னிரண்டு சிறப்புத்துறைகள் ஏற்கப்பட்டுள்ளன. ஆனால் இடங்கள் மிகச் சில, போட்டி கடுமையானது. மேலும் இவ்வழி எல்லா மாநிலங்களிலும் ஏற்கப்படுவதில்லை. பின்னாளில் வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும் எண்ணமுள்ளவர் அதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விரண்டும் அல்லாத படிப்புகள் பல உண்டு. பொதுச் சுகாதார முதுகலை, ஆராய்ச்சிப் பட்டம், மருத்துவர் ஒருவருடன் இருந்து கவனித்தல் ஆகிய யாவும் நல்லனவே, விண்ணப்பத்துக்கு வலுவூட்டுவனவே. ஆனால் அவை தாமாக உரிமத்தைப் பெற்றுத் தரமாட்டா. பணம் கட்டுமுன், “இதனை முடித்தால் டெக்சாஸ் சபை என்னை ஏற்குமா?” என்னும் கேள்வியைச் சபையிடமே எழுத்தில் கேட்டு விடை பெறுவது அறிவுடைமை.

நம் மாநிலத்தில் பல்மருத்துவக் கல்லூரிகள் நான்கு உள்ளன. ஹூஸ்டன், டல்லாஸ், சான் அந்தோனியோ, எல் பாசோ என்பன அவை இருக்கும் நகரங்கள். எல் பாசோக் கல்லூரி 2021இல் முதல் மாணவரைச் சேர்த்தது. சான் அந்தோனியோவில் வெளிநாட்டுப் பல்மருத்துவர்க்கெனத் தனித் திட்டம் உண்டு. சுகர் லேண்டிலிருந்து அது மூன்று மணிநேரக் கார்ப் பயணம். டெக்சாசுக்கு வெளியே சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், அந்நகரிலேயே உள்ள பசிபிக் பல்கலைக்கழகக் கல்லூரி, நியூயார்க் பல்கலைக்கழகம், நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் முதலிய பல இடங்களில் இத்தகைய திட்டங்கள் நடைபெறுகின்றன. வெளி மாநிலத்தில் பட்டம் பெற்று டெக்சாசுக்குத் திரும்பி உரிமம் பெறுவதற்குத் தடையில்லை.

ஏறவேண்டிய படிகள்

முதற்படி, ஆவணங்கள். பட்டச் சான்றிதழ், ஆண்டுவாரியான மதிப்பெண் பட்டியல், பயிற்சிக்காலச் சான்றிதழ், ஊர்ப் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். மதிப்பெண் பட்டியலை நாமே அனுப்பினால் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். படித்த கல்லூரியோ பல்கலைக்கழகமோ முத்திரையிட்டு நேரே அனுப்ப வேண்டும்.

இரண்டாம் படி, பட்ட மதிப்பீடு. ஈ.சி.ஈ. என்னும் நிறுவனம் நம் பாடங்களை ஒவ்வொன்றாக அமெரிக்க முறையில் மதிப்பிட்டு அறிக்கை தரும். தேசியத் தேர்வு எழுத இவ்வறிக்கை இன்றியமையாதது. கல்லூரி விண்ணப்பத்துக்கு டபிள்யூ.ஈ.எஸ். நிறுவன அறிக்கையையும் சில கல்லூரிகள் ஏற்கின்றன.

மூன்றாம் படி, தேசியப் பல்மருத்துவ ஒருங்கிணைந்த தேர்வு. முன்பு இது இரண்டு பகுதிகளாக இருந்தது. 2020 ஆகஸ்டு முதல் ஒன்றாக்கப்பட்டது. கணினியில், இரண்டு நாள்களில், 500 வினாக்கள். தேர்ச்சியா இல்லையா என்பது மட்டுமே முடிவாக அறிவிக்கப்படும். தேறியவருக்கு மதிப்பெண் தரப்படுவதில்லை. பழைய புத்தகங்களைக் கைம்மாற்றாகப் பெறுவோர் அவை பழைய இருபகுதித் தேர்வுக்கு எழுதப்பட்டவையா என்று பார்த்துக்கொள்க. முதல் முயற்சியிலிருந்து ஐந்து ஆண்டுகள் அல்லது ஐந்து முயற்சிகள், இவற்றுள் முந்தியதற்குள் தேற வேண்டும் என்ற விதி உண்டு. ‘சும்மா ஒருமுறை எழுதிப் பார்ப்போம்’ என்று போகலாகாது.

நான்காம் படி, ஆங்கிலத் தேர்வு. பெரும்பாலான கல்லூரிகள் டோஃபல் தேர்வைக் கேட்கின்றன. அதன் பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். ஆகவே அதனை மிக முன்கூட்டி எழுதி வீணாக்க வேண்டா.

ஐந்தாம் படி, விண்ணப்பம். அமெரிக்கப் பல்மருத்துவக் கல்விச் சங்கம் நடத்தும் ‘காப்பிட்’ என்னும் பொது விண்ணப்ப முறையின் வழியே பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பத்தை அனுப்பலாம். தன்விவரக் கட்டுரையும் பரிந்துரைக் கடிதங்களும் வேண்டும். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனிக் கட்டணமும் இறுதி நாளும் உண்டு.

ஆறாம் படி, நேர்காணலும் கைத்திறன் சோதனையும். பிளாஸ்டிக் பற்கள் பொருத்திய மாதிரித் தாடையில், குறித்த நேரத்துக்குள், பல்லைச் செதுக்கி உறைக்கு ஆயத்தம் செய்தல், சொத்தைக் குழி எடுத்து நிரப்புதல் போன்ற வேலைகளைச் செய்து காட்ட வேண்டும். அரை மில்லிமீட்டர் பிழையும் இங்கே கணக்கில் எடுக்கப்படும். பல ஆண்டுகள் கருவியைத் தொடாதிருந்த கை நடுங்குவது இயல்பு. எனவே பயிற்சியைப் பல மாதங்கள் முன்பே தொடங்குதல் வேண்டும்.

ஏழாம் படி, கல்லூரிப் படிப்பு. எட்டாம் படி, படிப்பின் முடிவில் டெக்சாஸ் சபை ஏற்கும் தேர்வு நிறுவனம் ஒன்றின் செயல்முறைத் தேர்வு. 2020இல் பெருந்தொற்று வந்தபின் நோயாளிகளுக்குப் பதிலாக மாதிரித் தாடைகளில் செய்யும் முறை இத்தேர்வுகளில் பரவலாயிற்று. இறுதியாக டெக்சாஸ் பல்மருத்துவச் சட்டம் பற்றிய தேர்வு, உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சிச் சான்று, கைரேகைச் சோதனை ஆகியவற்றையும் முடித்தால் உரிமம் வீட்டுக்கு வரும்.

முதற்படியிலிருந்து கடைசிப் படி வரை ஐந்து ஆண்டுகள் ஆகலாம் என்று எண்ணித் திட்டமிடுவது நன்று. ஓராண்டு விண்ணப்பித்து இடம் கிடைக்காமல், மறு ஆண்டு விண்ணப்பித்துச் சேர்ந்தோர் பலர். அதனைத் தோல்வி என்று கொள்ள வேண்டியதில்லை.

ஆவணங்கள் பற்றி ஒரு சொந்தச் சொல்

இங்கே எம்மைப் பற்றிச் சிறிது கூறுவதைப் பெற்றோர் பொறுத்தருள்க. நாம் வன்னியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். 2009இல் இடம்பெயர்ந்தபோது சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தோம். பட்டச் சான்றிதழ் நனையாமல் வந்து சேர்ந்தது. மதிப்பெண் பட்டியல் வேறொரு பையில் இருந்தது. அந்தப் பை வரவில்லை. இந்நாட்டுக்கு வந்தபின், அதனை மீண்டும் பெறுவது பெரும்பாடு என்று நினைத்து, பண்டகசாலை வேலைக்குப் போகத் தொடங்கினோம். எங்கே கேட்பது, யாரிடம் எழுதுவது என்று விசாரிக்காமலே ஆண்டுகள் கழிந்தன. மிகப் பிந்தியே ஒரு கடிதம் எழுதினோம். கட்டணம் செலுத்திய சில மாதங்களில் பட்டியலின் புதிய பிரதி வந்து சேர்ந்தது. அதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். மீண்டும் படிக்கும் காலத்தை நாமே கடத்திவிட்டிருந்தோம். கதவு மூடியிருந்தது என்று நாம் பலரிடம் சொல்லியிருக்கிறோம். உண்மையில் நாம் அதனைத் தட்டவே இல்லை.

ஆகவே அகதியாக வந்தவராயினும், விமானத்தில் வசதியாக வந்தவராயினும், நாம் கூறும் முதல் அறிவுரை ஒன்றே. படிக்கும் முடிவை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், உங்கள் மதிப்பெண் பட்டியலை இவ்வாண்டே எழுதிப் பெறுங்கள். தமிழ்நாட்டில் படித்தவர் தம் கல்லூரியோடு தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தையோ தமக்குப் பட்டம் வழங்கிய வேறு பல்கலைக்கழகத்தையோ அணுக வேண்டும். இலங்கையில் நீண்டகாலம் பேராதனைப் பல்கலைக்கழகம் ஒன்றே பல்மருத்துவம் கற்பித்தது என்பதால், அங்குப் படித்தோர் அப்பீடத்துக்கே எழுதலாம். திருமணத்தின்பின் பெயர் மாறியவர், கடவுச்சீட்டிலும் பட்டத்திலும் உள்ள பெயர்களை இணைக்கும் ஆவணத்தையும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். பெயரின் முதலெழுத்தை எங்கே எழுதுவது என்ற சிறு குழப்பத்தால் பல மாதங்கள் வீணாவதுண்டு.

பணமும் விசாவும்

செலவை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. உயர்நிலைச் சேர்க்கைத் திட்டத்தின் கல்விக் கட்டணம் மட்டுமே பல கல்லூரிகளில் 100,000 டாலரைத் தாண்டும். தனியார் கல்லூரிகளில் அதனினும் மிகுதி. குடியுரிமை அல்லது பச்சை அட்டை உள்ளவர், அகதியாகவோ புகலிடம் பெற்றவராகவோ ஏற்கப்பட்டவர் ஆகியோர் அரசாங்கக் கல்விக் கடனுக்குத் தகுதி பெறலாம். 2025இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறும் தொழிற்கல்வி மாணவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 200,000 டாலர் என்று வரம்பு உண்டு. எச்-4 விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவருக்கு அரசாங்கக் கடன் கிடையாது. தனியார் கடனுக்குக் குடியுரிமை உள்ள ஒருவரின் கூட்டுக் கையொப்பத்தைப் பெரும்பாலும் கேட்பர்.

எச்-4 விசாவில் உள்ளவர் படிப்பதற்குத் தடையில்லை. வேலை செய்வதற்கே தனி அனுமதி வேண்டும். கணவரின் அல்லது மனைவியின் பச்சை அட்டை மனு குறித்த நிலையை அடைந்திருந்தால், 2015ஆம் ஆண்டு விதியின்படி அவ்வனுமதியைக் கோரலாம். சில கல்லூரிகள் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ளவரை மட்டுமே சேர்க்கின்றன என்பதால், விண்ணப்பக் கட்டணம் செலுத்துமுன் அதனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விசா விடயத்தில் நண்பர் சொல்லைக் காட்டிலும் தகுதிபெற்ற வழக்கறிஞரின் ஆலோசனையே பாதுகாப்பானது.

காத்திருக்கும் காலத்தில்

வேலை அனுமதி உள்ளவர் பல்மருத்துவ உதவியாளராகப் பணிபுரியலாம். டெக்சாசில் எக்ஸ்-ரே எடுக்கும் உதவியாளர் மாநிலச் சபையின் பதிவு பெற்றிருக்க வேண்டும், அப்பயிற்சி குறுகியதே. இந்நாட்டு மருத்துவமனை நடைமுறை, காப்புறுதி முறை, நோயாளியுடன் பேசும் முறை ஆகியவற்றை இப்பணியில் கற்கலாம். நல்ல பரிந்துரைக் கடிதமும் கிடைக்கும். ‘டாக்டராக இருந்தவர் உதவியாளராகப் போவதா?’ என்று உறவினர் கேட்பர். வேலையில் இழிவில்லை, வாளாவிருந்து கைப்பழக்கத்தை இழப்பதே இழப்பு.

ஒன்றை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யலாகாது. ‘நம் ஆட்கள்தானே’ என்று சமையலறையில் வைத்து ஒருவர் பல்லைப் பார்த்துச் சிகிச்சை செய்வது இம்மாநிலத்தில் பெருங்குற்றம். நாம் நல்லெண்ணத்துடன் செய்தாலும் சட்டம் அதனை ஏற்காது. பிற்காலத்தில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது அது பெருந்தடையாக வந்து நிற்கும். பெற்றோரும் உறவினரும், பல்மருத்துவம் படித்த நண்பரிடம் அத்தகைய உதவியைக் கேட்டு அவரைச் சங்கடத்தில் ஆழ்த்தாதிருப்பதே அவருக்குச் செய்யும் உதவி.

வீட்டிலுள்ளோர் செய்யக்கூடியதும் உண்டு. தாயார் ஒருவர் 500 வினாத் தேர்வுக்குப் படிக்கிறார் என்றால், அவ்வீட்டில் சமையலும் பாத்திரமும் பிள்ளைகளை வகுப்புகளுக்கு ஏற்றி இறக்குவதும் வேறு கைகளுக்கு மாற வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் எஞ்சும் நேரத்தில் படித்து இத்தேர்வில் தேறுவது அரிது. மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுப்பாடத்தை நீங்களே முடிப்பதும், ஒரு மணிநேரம் அம்மாவை அழைக்காமல் இருப்பதும் உங்களால் இயலும் கைம்மாறாகும்.

சிறுமிக்கு எம் விடை

அச்சிறுமியிடம் நாம் பின்னர் இவ்வாறு கூறினோம். “அம்மா, உன் தாயார் இன்றும் பல்மருத்துவர்தாம். அவருடைய கல்வியை எவரும் எடுத்துவிடவில்லை. ஆனால் இந்த ஊரில் பிறர் வாயில் கருவியை வைக்க வேண்டுமானால், இந்த ஊர்க் கல்லூரி ஒன்று அவரை அருகிலிருந்து பார்த்து, ‘ஆம், இவருக்குத் தெரியும்’ என்று சொல்ல வேண்டும். அதற்காக அவர் மறுபடியும் மாணவியாக வேண்டும்.”

அவள் சற்று யோசித்து, “அப்படியானால் அம்மாவுக்கும் ஹோம்வொர்க் இருக்குமா, ஐயா?” என்று கேட்டாள். “உன்னைவிட அதிகம் இருக்கும்” என்றோம். அவளுக்கு அது மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

தாயார் தம் பல்கலைக்கழகத்துக்கு மதிப்பெண் பட்டியல் கேட்டு எழுதிவிட்டார். பட்டியலும் வந்து சேர்ந்தது. இப்போது மதிப்பீட்டு அறிக்கைக்காகக் காத்திருக்கிறார். அவர் முன்னே இன்னும் ஆறேழு படிகள் உள்ளன. முடிவு எவ்வாறு அமையும் என்பதை நாம் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆயினும் எட்டு ஆண்டுகள் பிறர் பேச்சைக் கேட்டு நின்ற இடத்திலிருந்து அவர் நகர்ந்துவிட்டார்.

கற்றவர்க்கு எந்நாட்டிலும் மதிப்புண்டு என்று வகுப்பில் கற்பிக்கும் நாம், அம்மதிப்பு தானாக வந்து வாசலில் நிற்பதில்லை என்பதையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். புதிய நாட்டில் அதனை மறுபடியும் கேட்டு, மறுபடியும் உழைத்துப் பெற வேண்டியுள்ளது. நம் பள்ளியின் பெற்றோருள் பல்மருத்துவம் கற்றோர், தம் பட்டத்தைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து, இவ்வாண்டே முதற் கடிதத்தை எழுத வேண்டும் என்பது எமது வேண்டுகோள். அக்கடிதத்தை எழுத உதவி வேண்டுமாயின், ஞாயிறுதோறும் வகுப்பு முடிந்தபின் நாம் இங்கேயே இருப்போம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!